மஹிந்திரா தாரில் காற்றடிக்கும் கம்ப்ரஸரை நாமே பொருத்துவது எப்படி?

ஜெய்சல்மேரை அடுத்த சாம் மணல்மேடுகளில் வண்டியை இறக்குவதற்கு முன், பழகிய ஓட்டுநர்கள் நான்கு டயர்களிலும் காற்றைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்துவிடுவார்கள். சாலையில் 30 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் இருந்த டயர் 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறங்கும்போது, அதன் அடிப்பகுதி நீளவாக்கில் படர்ந்து தரையைத் தொடும் பரப்பு கூடுகிறது. வண்டியின் எடை அந்தப் பரப்பு முழுவதிலும் பரவுவதால், சக்கரம் மணலைத் தோண்டிப் புதையாமல் அதன்மேல் ஏறிச் செல்கிறது. காற்றை இறக்குவதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சிரமமெல்லாம் திரும்பி வரும்போதுதான் தொடங்குகிறது. அதே குறைந்த காற்றோடு தார்ச்சாலையில் வேகமாக ஓடினால், டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கிச் சூடேறும், ஸ்டியரிங் கனக்கும், வளைவில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவவும் கூடும். ஆகவே மணலை விட்டு வெளியேறிய இடத்திலேயே காற்றை நிரப்ப வேண்டும். அந்த இடத்தில் பெட்ரோல் பங்க் இருக்காது.

வண்டியிலேயே நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட 12 வோல்ட் கம்ப்ரஸர் இதற்கான நல்ல தீர்வு. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடியே, ஓடும் வண்டியில் டயர்க் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடும் உலகில் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை பயன்படுத்திய டக் எனும் நீர்நில வாகனத்திலேயே அது இருந்தது. அதற்குச் சக்கர அச்சின் வழியாகக் காற்றைச் செலுத்தும் சுழல் இணைப்புகள் வேண்டும் என்பதால், வீட்டு வாசலில் செய்யக்கூடிய வேலை அல்ல. இங்கே சொல்லப்படுவது, வண்டியை நிறுத்தி, குழாயை மாட்டி, ஒரு ஸ்விட்சைத் தட்டிக் காற்றடிக்கும் எளிய ஏற்பாடு. எடுத்துக்காட்டாக, 2020இல் வந்த மஹிந்திரா தாரின் 245/75 ஆர்16 அளவு டயரை வைத்துக்கொள்கிறேன். ஜிம்னி, கூர்க்கா போன்ற வண்டிகளுக்கும் அடிப்படை இதுவே. அளவுகள்தான் சற்று மாறும்.

தொடங்குமுன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புதிதாக இந்த வேலையில் இறங்குவோர் கம்ப்ரஸரைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். வயரை மட்டும் பக்கத்துக் கடையில் கிடைத்ததை வாங்கி இழுத்துவிடுகிறார்கள். ஆனால் இந்த ஏற்பாடு நன்றாக இயங்குவதும், மந்தமாக முனகுவதும், தீப்பிடிப்பதும் பெரும்பாலும் வயர், ஃபியூஸ், எர்த் (மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) ஆகிய மூன்றைப் பொறுத்தவை. கட்டுரையில் அந்தப் பகுதி நீளமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

எவ்வளவு காற்று தேவை?

245/75 ஆர்16 டயரின் உட்கொள்ளளவு தோராயமாக 60 லிட்டர். அதை 15 பிஎஸ்ஐயிலிருந்து 32 பிஎஸ்ஐக்கு ஏற்ற வேண்டுமானால், கூடுதலாக வேண்டிய 17 பிஎஸ்ஐ என்பது ஒரு வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்று அதிகம் என்பதால், ஏறக்குறைய 70 லிட்டர் வெளிக்காற்றை உள்ளே திணிக்க வேண்டும். நான்கு டயருக்கு 280 லிட்டர். நிமிடத்துக்கு 40 லிட்டர் தரும் கம்ப்ரஸர் இதை ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிடும். நிமிடத்துக்கு 10 லிட்டர் தரும் சிறு கையடக்கக் கருவிக்கு அரை மணி நேரம் பிடிக்கும், அதற்குள் அது சூடேறி நின்றும் போகலாம்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணை நம்பி வாங்கக் கூடாது. அது பெரும்பாலும் எதிரழுத்தமே இல்லாதபோது வெளிவரும் காற்றின் அளவு. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் தயாரிக்கும் இரட்டை மோட்டார் கம்ப்ரஸர்கூட, எதிரழுத்தம் இல்லாதபோது நிமிடத்துக்குச் சுமார் 174 லிட்டர் தருவது, 29 பிஎஸ்ஐ அழுத்தத்தில் சுமார் 131 லிட்டராகக் குறைகிறது. மலிவான கருவிகளில் இந்தச் சரிவு இன்னும் செங்குத்தாக இருக்கும். எனவே 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் எவ்வளவு காற்று வரும் என்பதைக் கேட்டு, அந்த எண்ணைத் தராத விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

அடுத்துப் பார்க்க வேண்டியது, எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடலாம் என்பது. 33 சதவீதம் என்று குறிப்பிட்டிருந்தால், அரை மணி நேரத்தில் 10 நிமிடம் ஓடி 20 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்று பொருள். நான்கு டயரையும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் முடிக்க முடியுமானால் அது போதும். மிகச் சூடானால் தானாக நின்று, ஆறியபின் மீண்டும் இயங்கும் வெப்பக் காப்பு கட்டாயம் இருக்க வேண்டும்.

மின்னோட்டத்தைப் பொறுத்தவரை, இந்த வேலைக்கு ஏற்ற நடுத்தரக் கம்ப்ரஸர்கள் 25 முதல் 30 ஆம்பியர் வரை இழுப்பவை. டேஷ்போர்டில் உள்ள 12 வோல்ட் சாக்கெட்டின் ஃபியூஸ் பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியர்தான். இவற்றை அதில் செருக முடியாது. பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்தே ஆக வேண்டும்.

இடம் பார்ப்பது

கம்ப்ரஸருக்கு மூன்று எதிரிகள்: சூடு, தண்ணீர், தூசி. பானட்டுக்குள் பொருத்தினால் பேட்டரி பக்கத்திலேயே இருக்கும், வயர் நீளம் குறையும். ஆனால் எஞ்சின் சூட்டிலேயே அது எப்போதும் வேக வேண்டியிருக்கும், ஓடையைக் கடக்கும்போது தண்ணீரும் தெறிக்கும். பின்னிருக்கைக்குப் பின்னால், பக்கச் சுவரை ஒட்டிப் பொருத்தினால் உலர்ந்த, சூடு குறைந்த இடம் கிடைக்கும். ஆனால் வயர் 5 மீட்டர் வரை நீளும். தண்ணீர், சேறு, மணல் மூன்றிலும் ஓட்ட நினைப்பவருக்கு நான் பின்பக்கத்தையே பரிந்துரைப்பேன், வயருக்குச் சற்று அதிகம் செலவழிக்கும் மனம் இருந்தால்.

வண்டித் தகட்டில் நேரடியாகத் திருகக் கூடாது. வெல்டிங் பட்டறையில் 3 மில்லிமீட்டர் தகட்டில் ஒரு தாங்கி செய்து வாங்கி, ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளைப் பயன்படுத்தி அதை வண்டியோடு பிணைத்து, அதன்மேல் ரப்பர் புஷ் வைத்துக் கம்ப்ரஸரை அமர்த்த வேண்டும். நட்டுகள், உள்ளே நைலான் வளையம் வைத்துக் கழலாமல் பிடிக்கும் நைலாக் வகையாக இருக்கட்டும். சாதாரண நட்டு கரடுமுரடான பாதையில் கழன்றுவிடும். புதிதாகத் துளை போட வேண்டியிருந்தால் தகட்டின் மறுபக்கத்தில் பெட்ரோல் குழாயோ, பிரேக் குழாயோ, வயர்க்கட்டோ இல்லை என்பதைக் குனிந்து கண்ணால் பார்த்த பிறகே துளையிட வேண்டும். கம்ப்ரஸரை எந்த நிலையிலும் வைக்கலாமா, நிமிர்த்தித்தான் வைக்க வேண்டுமா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயர், ஃபியூஸ், எர்த்

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஒதுக்கிவிட வேண்டும். பாசிட்டிவ் முனையை முதலில் கழற்றினால், ஸ்பானர் வண்டியின் உடலைத் தொட்ட கணமே தீப்பொறி பறக்கும்.

வயரின் தடிமனை ஊகத்தில் முடிவு செய்யக் கூடாது. கம்ப்ரஸர் பின்பக்கம் 5 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், போகவும் வரவும் சேர்த்து மின்சாரம் 10 மீட்டர் செம்பைக் கடக்க வேண்டும். அதில் 30 ஆம்பியர் ஓடும்போது, வீட்டு வயரிங்கில் பழக்கப்பட்ட 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் சுமார் 2.1 வோல்ட்டை வழியிலேயே தின்றுவிடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தாலும் மோட்டாருக்குப் போய்ச் சேருவது 11.7 வோல்ட்தான், எஞ்சிய 60 வாட்டுக்கும் மேலான ஆற்றல், கம்பளத்துக்கு அடியில் செல்லும் வயரைச் சூடாக்குவதில் வீணாகும். 6 சதுர மில்லிமீட்டர் வயரில் இந்த இழப்பு சுமார் 0.9 வோல்ட், 10 சதுர மில்லிமீட்டரில் அரை வோல்ட்டை ஒட்டி நிற்கும். எனவே பின்பக்கப் பொருத்தலுக்கு 10 சதுர மில்லிமீட்டர் வயர் வாங்குங்கள். பானட்டுக்குள்ளேயே ஒரு மீட்டரில் முடிந்துவிடுமானால் 6 சதுர மில்லிமீட்டர் தாராளம்.

வாங்கும்போது வயர் முனையின் இழைகளைக் கத்தியால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். தடிமனான தோற்றத்தோடு மலிவாகக் கிடைக்கும் இந்த வகை, செம்பைவிடக் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும். முனையில் இறுக்கிய இடமும் நாளடைவில் தளர்ந்து சூடேறும். சுரண்டிய இடமும் சிவப்பாகவே இருக்க வேண்டும். இழைகள் மெல்லியவையாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருந்தால் வயர் நன்றாக வளையும், அதிர்வையும் தாங்கும்.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து கிளம்பும் வயரில், ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வந்துவிட வேண்டும். ஃபியூஸ் காப்பது கம்ப்ரஸரை அல்ல, வயரை. ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயர்த் துண்டுக்கு எந்தக் காப்பும் கிடையாது. வண்டியின் உடலில் உரசித் தோல் கிழிந்தால், பேட்டரி தன்னிடமுள்ள நூற்றுக்கணக்கான ஆம்பியரையும் அந்தத் துண்டின் வழியே கொட்டிவிடும். 30 ஆம்பியர் இழுக்கும் கம்ப்ரஸருக்கு 40 ஆம்பியர் ஃபியூஸ் பொருத்தமானது, கையேடு வேறு எண்ணைச் சொல்லாத வரையில். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்றால் பெரிய ஃபியூஸ் போடுவது தீர்வல்ல. ஏன் போகிறது என்பதைத் தேட வேண்டும்.

அடுத்தது ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இயக்கி நிறுத்தும் ஸ்விட்ச். 30 ஆம்பியரை டேஷ்போர்டில் உள்ள சிறு ஸ்விட்ச் தாங்காது. ஸ்விட்ச் வழியே ரிலேயின் காயிலுக்கு மிகச் சிறிய மின்னோட்டம் மட்டும் செல்லட்டும்; பெரிய மின்னோட்டத்தை ரிலே பார்த்துக்கொள்ளும். நான்கு முனைகளில், 30 என்று குறிக்கப்பட்டதில் ஃபியூஸைத் தாண்டி வரும் பேட்டரி வயரையும், 87இல் கம்ப்ரஸரின் பாசிட்டிவையும், 85இல் எர்த்தையும், 86இல் ஸ்விட்சிலிருந்து வரும் வயரையும் இணைக்க வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் 40 ஆம்பியர் ரிலே, பத்து நிமிடம் தொடர்ந்து 30 ஆம்பியர் கடத்தும்போது எல்லையை ஒட்டி ஓடும். எனவே 70 ஆம்பியர் ரிலே வாங்குவதே நிம்மதி. ஸ்விட்சுக்கான மின்சாரத்தை, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் பெறும் ஒரு ஃபியூஸிலிருந்து, அதற்கென விற்கப்படும் ஃபியூஸ் கிளை இணைப்பான் மூலம் எடுங்கள். சாவியை எடுத்தபின் கம்ப்ரஸர் தவறுதலாக ஓடாது. தொழிற்சாலை வயர்க்கட்டை அறுத்து ஒட்டுப்போடுவதைத் தவிர்க்க வேண்டும். வாரன்டிக்கு வில்லங்கம் வருவது பெரும்பாலும் அந்த ஒட்டில்தான்.

எர்த் இணைப்பைப் பலர் அலட்சியமாக முடித்துவிடுகிறார்கள். பாசிட்டிவில் எவ்வளவு மின்சாரம் போகிறதோ அவ்வளவும் எர்த் வழியாகத் திரும்பி வர வேண்டும் என்பதால், இரண்டு வயரும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும். வண்டியின் உடலில் எர்த் எடுத்தால், பெயின்டை மணல்தாளால் தேய்த்து இரும்பு பளபளக்கும் வரை நீக்கி, பல் வாஷரோடு போல்ட்டை இறுக்கி, அதன்பிறகு துருப்பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவ வேண்டும். நெகட்டிவ் முனையில் பேட்டரியின் நிலையை அளக்கும் சென்சார் பொருத்தப்பட்ட வண்டிகளில், கூடுதல் கருவிகளின் எர்த்தை நேராக அந்த முனையில் மாட்டக் கூடாது. அப்படி மாட்டினால் சென்சாரைத் தாண்டி மின்சாரம் போய், பேட்டரியில் எவ்வளவு மீதம் என்ற கணக்கு தவறிவிடும். உடலில் உள்ள எர்த் புள்ளியே அங்கே சரியான இடம்.

வயர் முனையில் மாட்டும் லக்குகளைக் குறடால் நசுக்காமல், அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். அந்தக் கருவி இல்லையென்றால், பேட்டரி கேபிள் செய்யும் கடையில் ஐந்து நிமிடத்தில் அழுத்தித் தருவார்கள். அழுத்தியபின் லக்கைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்துப் பார்த்து, அசையவில்லை என்றால் வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். வெறும் தகட்டு விளிம்பில் சாய்ந்திருக்கும் வயரை, வண்டியின் அதிர்வு கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். வழி நெடுக நெளிவுக் குழாய்க்குள் செலுத்தி, சைலன்ஸரையும் நகரும் பாகங்களையும் தொடாதபடி அரை அடிக்கு ஒரு கேபிள் டை போட்டுக் கட்டுங்கள்.

காற்றுக் குழாய்

கம்ப்ரஸரை விட்டு வெளிவரும் காற்று கையைச் சுடும் அளவுக்குச் சூடானது. அதனால் முதல் அரை மீட்டருக்காவது, எஃகு இழை பின்னிய குழாயைப் போட வேண்டும். நீல நிறத்தில் கிடைக்கும் பாலியூரித்தேன் குழாயை நேராக மாட்டினால், அது இளகிப் பிதுங்கி இணைப்பை விட்டுக் கழன்று வந்துவிடும். எஃகுக் குழாயைத் தாண்டி, வண்டியின் வெளிப்புறத்தில் கை எட்டும் இடத்தில், குழாயைச் சட்டென்று மாட்டிக் கழற்ற உதவும் ஒரு குவிக் கப்ளரை நிறுத்துங்கள். அதற்கு ஒரு மூடி இருக்கட்டும், இல்லையென்றால் முதல் பயணத்திலேயே மணல் அடைத்துக்கொள்ளும்.

மரை அளவில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இந்தியாவில் குழாய்க் கடைகளில் கிடைப்பவை பிஎஸ்பி மரைகள்; அமெரிக்கக் கம்ப்ரஸர்களில் இருப்பவை என்பிடி மரைகள். கால் அங்குல அளவில் பிஎஸ்பிக்கு அங்குலத்துக்கு 19 மரை, என்பிடிக்கு 18. இரண்டு சுற்று வரை ஒன்றுக்குள் ஒன்று பொருந்துவதுபோல ஏறும், பிறகு இறுகும். எவ்வளவு டெஃப்ளான் டேப் சுற்றினாலும் காற்று கசிந்துகொண்டேயிருக்கும், பித்தளை மரையும் கெட்டுவிடும். கம்ப்ரஸரோடு வந்த இணைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்று, மரையோடு மரை வைத்துப் பார்த்து வாங்குங்கள், அல்லது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் அடாப்டரைப் போடுங்கள்.

காற்றுத் தொட்டி வேண்டுமா என்ற கேள்வி எல்லோருக்கும் எழும். டயருக்காக மட்டும் என்றால் வேண்டாம். 4 லிட்டர் தொட்டியில் 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று இருந்தாலும், 32 பிஎஸ்ஐ டயருக்குள் அதிலிருந்து போகக்கூடியது 18 லிட்டர் அளவு வெளிக்காற்றுதான், அதாவது ஒரே ஒரு டயரின் தேவையில் கால் பங்கு. காற்றில் இயங்கும் டிஃபரென்ஷியல் லாக்கரோ (ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் பூட்டு) வேறு கருவியோ இருந்தால் மட்டும் தொட்டிக்கு நியாயம் உண்டு. அப்படி வைப்பதானால் அழுத்தக் காற்றுக்கென்றே செய்து, எவ்வளவு தாங்கும் என்று முத்திரையிட்ட தொட்டியை, பாதுகாப்பு வால்வோடும் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகோடும் வாங்க வேண்டும். பிவிசி குழாய், பழைய தீயணைப்பான், சமையல் எரிவாயு உருளை ஆகியவற்றைத் தொட்டியாக மாற்றும் யோசனைகளைக் கேட்டால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். குறிப்பாக பிவிசி குழாய், அழுத்தத்தில் கிழிவதில்லை. கூரிய துண்டுகளாகச் சிதறி ஆளைக் கொல்லக்கூடியது.

தொட்டி இல்லாவிட்டாலும், குழாயின் முனை மூடியிருக்கும்போது மோட்டாரை நிறுத்தும் பிரஷர் ஸ்விட்சும், அது தவறினால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வும் இருக்க வேண்டும். பிரஷர் ஸ்விட்சை ரிலேயின் 86ஆம் முனைக்குப் போகும் சிறு வயரில் தொடராக இணைத்தால் போதும். பெரிய மின்னோட்டம் அதன் வழியே போக வேண்டியதில்லை.

ஓட்டிப் பார்ப்பது

பேட்டரியை மீண்டும் இணைக்கும்போது நெகட்டிவ் கடைசியில் வர வேண்டும். எஞ்சினை இயக்கி, திறந்த வெளியில் நின்று ஸ்விட்சைப் போடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுக் காற்றடித்தால், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிருக்கு ஆபத்து. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரால் பேட்டரி முனையிலும் கம்ப்ரஸர் முனையிலும் வோல்ட்டை அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அரை வோல்ட்டை ஒட்டி இருந்தால் வேலை சுத்தம். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ ஓர் இணைப்பு சரியில்லை. ஐந்து நிமிடம் ஓடியபின் ஃபியூஸ் பெட்டி, ரிலே, ஒவ்வொரு லக் ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்தி அந்த இணைப்பைப் பிரித்து மீண்டும் செய்யுங்கள். பிறகு குழாய் முனையை மூடி, எல்லா மரைகளிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடம் குமிழியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

பயன்படுத்தும்போது

எவ்வளவு காற்று வைப்பது என்பதற்கு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரே சாலைக்கான விடை. கல் பாதைக்கு 20 முதல் 25, மணலுக்கு 15 முதல் 18 பிஎஸ்ஐ என்பவை தொடங்குவதற்கு ஏற்ற எண்கள். சாதாரண ரிம்மில் 15க்குக் கீழே போவதைப் புதியவர்கள் தவிர்க்க வேண்டும்; திடீரென்று ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்துவிடும்.

மணலில் ஓடிய டயர் சூடாக இருக்கும்; சூட்டில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். ஏறத்தாழ 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் வேறுபாட்டுக்கு 1 பிஎஸ்ஐ என்று கணக்கு வைத்துக்கொண்டு, மறுநாள் காலை வண்டியை எடுக்குமுன் குளிர்ந்த டயரில் மீண்டும் அளந்து சரிசெய்யுங்கள். லடாக், ஸ்பிட்டி போன்ற உயரங்களுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் எதிர்பார்க்கலாம்: 4,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பத்தில் ஆறு பங்குக்கும் குறைவு. கம்ப்ரஸர் அதே வேகத்தில் சுழன்றாலும் ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும் காற்று குறைவு என்பதால், ஒரு டயரை நிரப்பக் கிட்டத்தட்ட இருமடங்கு நேரம் ஆகும். இடையில் ஓய்வு கொடுத்து ஓட்டுங்கள்.

கம்ப்ரஸரின் காட்டியை நம்பி அளக்கக் கூடாது. காற்று பாய்ந்துகொண்டிருக்கும்போது அது குழாயின் அழுத்தத்தைக் காட்டுகிறது, டயரின் அழுத்தத்தை அல்ல. நிறுத்திவிட்டுத் தனிக் கேஜால் அளங்கள். நான்கு டயரையும் ஒரே நேரத்தில் இணைக்கும் நான்கு முனைக் குழாய் வசதியானதுதான். ஆனால் அது நான்கிலும் அழுத்தத்தைச் சமப்படுத்திவிடும். முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு அழுத்தம் வேண்டிய வண்டிக்கு, முன் இரண்டையும் பின் இரண்டையும் தனித்தனியாக நிரப்ப வேண்டும்.

முதல் பயணம் முடிந்து வந்ததும் தாங்கியின் போல்ட்டுகளையும் லக்குகளையும் ஸ்பானரால் ஒருமுறை சோதித்துவிடுங்கள். புதிதாக இறுக்கியவை அதிர்வில் அமர்ந்து சற்றுத் தளர்ந்திருக்கும். மணலில் ஓடி வந்த ஒவ்வொரு முறையும் காற்று உள்ளே போகும் ஃபில்டரைக் கழற்றித் தட்ட வேண்டும். ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே அதே அளவில் இரண்டு ஃபியூஸும், கையுறைப் பெட்டியில் நான்கைந்து வால்வு பின்களும் (டயர் வால்வுக்குள் காற்றைத் தடுத்து நிறுத்தும் சிறு பாகம்) அவற்றைக் கழற்றும் சாவியும் இருக்கட்டும். காற்று இறக்கும் அவசரத்தில் மணலில் விழும் வால்வு பின் மீண்டும் கிடைக்காது. அது இல்லாத டயரில் எந்தக் கம்ப்ரஸராலும் காற்று நிற்காது.